பூண்டுக் காட்டில் ஒரு வேலைநிறுத்தம்

ஆராய்ச்சி மாணவனாக இருக்கும் காலத்தில் ஒருவன் பெண் கேட்டுப் போகவே கூடாது. வேலையில்லாதவன் போகலாம், கடன்காரன்கூடப் போகலாம். ஆராய்ச்சி மாணவனுக்கு வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரியாது. நான் போனேன்.

அப்போது நான் மதுரையில் சமூகவியல் ஆய்வு செய்துகொண்டிருந்தேன். எங்கள் பாடத்தில் அந்தத் தாடிக்காரத் தத்துவஞானியைத் தாண்டிப் போக வழியே கிடையாது. நிலமும் ஆலையும் கையில் வைத்திருப்பவன் ஒரு வர்க்கம், உழைப்பை விற்றுப் பிழைப்பவன் இன்னொரு வர்க்கம், இருவருக்கும் ஓயாத சண்டை என்று புரட்சிக்கு அழைப்பு விடுத்துவிட்டு அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். சமூகவியலில் பாதி, அதை ஒப்புக்கொண்டவர்கள் எழுதியது. மீதி, 'சொத்தை மட்டும் பார்த்தால் போதாது, ஊரில் ஒருவனுக்குள்ள மதிப்பையும் பார்' என்று அவரோடு மல்லுக்கு நின்றவர்கள் எழுதியது. நான் முதல் பாதியை மட்டும் (அதிலும் முன்னுரையை) படித்துவிட்டு, எதிரே வருகிறவர்கள் எல்லாம் எந்த வர்க்கம் என்று எடைபோட்டுக்கொண்டு திரிந்தேன். டீக்கடை, பஸ், கல்யாணப் பந்தி எதையும் விட்டுவைக்கவில்லை.

கூடப் படித்த கலைவாணிக்குக் கொடைக்கானலுக்கு அப்பால் ஒரு மேல்மலைக் கிராமம். பூண்டு போடுகிற குடும்பம். எங்கள் விஷயம் அவள் அம்மாவுக்கு முழுதாகத் தெரியும், அப்பாவுக்கு அரைகுறையாகத் தெரியும். ஆயக்குடியிலிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டார், சொந்தமாகக் கொய்யாத்தோப்பு உள்ளவர்கள், அடுத்த வாரம் பெண் பார்க்க வருவதாக இருந்தது.

"வெள்ளனே கிளம்பி வந்து அப்பாவைப் பாருங்க. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. உங்க தாடிக்காரரைக் கீழேயே விட்டுட்டு வாங்க" என்று போனில் படித்துப் படித்துச் சொன்னாள்.

என் சொந்த ஊரான அய்யம்பாளையத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து, மாறி மாறி ஏறி, ஊர் போய்ச் சேர்ந்தால் வீடு பூட்டிக் கிடந்தது. ஊரே பூட்டிக் கிடந்தது. சரிவில் ஒரு காட்டில் பூண்டு எடுப்பு நடந்துகொண்டிருந்தது. வரப்பில் வெள்ளை வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் குடை பிடித்து உட்கார்ந்திருந்தார். "ஏலே, வெரசா எடுங்கலே, மழை வருது!" என்று அதட்டினார். கீழே சேற்றில் ஆணும் பெண்ணுமாக ஒரு கூட்டம் குனிந்து கிடந்தது. எனக்குப் புல்லரித்துவிட்டது. நான் படித்த இரண்டு வர்க்கமும் ஒரே காட்டில் அகப்பட்டிருந்தன.

முழங்கால்வரை சேறு அப்பிய ஒருவர் நிமிர்ந்தார். "தம்பி எந்த ஊரு? என்ன சோலியா வந்தீங்க?"

"அய்யம்பாளையம்ங்க. ஆராய்ச்சி பண்றேன்." (பெண் கேட்க வந்தேன் என்று கண்டவரிடமும் சொல்ல முடியுமா?)

"எதப் பத்தி?"

சத்தியமாக, கேட்டதற்கு மட்டும்தான் பதில் சொன்னேன். அந்தப் பதில்தான் நிற்கவே இல்லை. உழைப்பது நீங்கள், லாபம் குடைக்குக் கீழே போகிறது என்று விளாசித் தள்ளினேன்.

"அப்ப எங்க ஒழைப்ப அவரு களவாங்குறாருங்கறீங்க?"

"சட்டப்படி அப்படிச் சொல்ல முடியாதுங்க. விஞ்ஞானப்படி அதேதான்."

அவர் வரப்பைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "மாமா, கேட்டுச்சா? நீங்க விஞ்ஞானப்படி களவாணியாம்!"

"எவன்லே அவன்?" என்று குடைக்காரர் எழப்பார்த்து, முடியாமல் மறுபடி உட்கார்ந்தார். முதலாளி வர்க்கம் ஆட்டம் கண்டுவிட்டது என்று நான் எடுத்துக்கொண்டேன்.

"சரி, இப்ப நாங்க என்ன செய்யணும் தம்பி?"

"நிறுத்துங்க! வேலையை நிறுத்துங்க!"

அவர் கையைத் தட்டினார். "எல்லாரும் உக்காருங்கப்பா, தம்பி சொல்லுதுல்ல." மொத்தக் கூட்டமும் சந்தோஷமாக உட்கார்ந்து வெற்றிலை போட ஆரம்பித்தது. நான் சொல்லி நாலு பேர் கேட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. தலைகால் புரியாமல் இன்னும் பேசினேன்.

டீத் தூக்கோடு கலைவாணி வந்தாள். என்னைப் பார்த்து மலர்ந்த முகம், கூட்டத்தைப் பார்த்ததும் வெளிறிவிட்டது.

"என்னப்பா இது? மேகம் எறங்கிட்டு வருது, எல்லாரும் உக்காந்து கெடக்கீங்க?"

கேட்டது அந்தச் சேற்றுக்காரரை.

"ஸ்ட்ரைக்கும்மா. காடு நம்மளது, அதான் யாருகிட்ட கோரிக்கை வைக்கறதுன்னு வெளங்கல."

அவர்தான் கலைவாணியின் அப்பா. அந்த ஊரில் பூண்டு எடுப்புக்குக் கூலியாளே கிடையாதாம். இன்று இவர் காட்டில் அத்தனை வீட்டாரும், நாளை இன்னொருவர் காட்டில் இவர். மாத்தாள் வேலை என்பார்கள். குனிந்திருந்த எல்லாருமே நிலக்காரர்கள். குடைக்காரர், கலைவாணி அப்பாவின் தாய்மாமன். முழங்கால் ஆபரேஷன் ஆனவர், வீட்டில் பொழுது போகாமல் வந்து அதட்டிக்கொண்டிருந்தார்.

அதற்குள் மழை பிடித்துவிட்டது. எல்லாரும் காட்டுக்குள் பாய்ந்தார்கள், நானும் பாய்ந்தேன். தண்டோடு எடுத்தால்தான் பூண்டைக் கட்டுக் கட்டித் தொங்கவிட முடியும். நான் இழுத்ததில் தண்டு மட்டும் கையோடு வந்தது, பூண்டு மண்ணிலேயே தங்கிவிட்டது. எடுத்துப் போட்டிருந்ததிலும் ஒரு பங்கு நனைந்து நாசமாயிற்று.

வீட்டில் எல்லாரும் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்தோம். கலைவாணியின் அம்மா எனக்குத் துண்டைக் கொடுத்துவிட்டுக் கணவர் பக்கம் திரும்பினார். "அந்தப் புள்ளைக்குத்தான் படிச்சுப் படிச்சு மூளை கொழம்பிக் கெடக்கு. ஒங்களுக்கு என்ன கேடு? அய்யம்பாளையம்னதுமே யாருன்னு தெரியாது?"

"தெரிஞ்சுதான் உக்காந்தேன். எம்புட்டுத் தூரம் போறாருன்னு பாத்தேன், மழை முந்திக்கிருச்சு" என்றார். சிரிக்கவில்லை. ஆயக்குடிக் கொய்யாத்தோப்பு என் கண்முன்னால் காய்த்துக் குலுங்கியது.

"நாளைக்கு எங்காட்டு மொறை. இங்க மிச்சம் கெடக்குறத யாரு எடுக்குறது?" என்று பக்கத்து வீட்டுக்காரர் குறைப்பட்டார்.

"நான் எடுக்கறேங்க. எல்லார் காட்டுக்கும் வர்றேன்" என்று கும்பிட்டேன்.

மாமன் மறித்தார். "வெளியாளு மாத்தாளுக்கு வரப்படாது. எந்த வீட்டுக்காக வர்றான்னு இருக்குல்ல? எந்த வீட்டு ஆளுலே நீ?"

 இத்தனை வர்க்கம் படித்த நான் கலைவாணியைப் பார்த்தேன், அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் டீயைக் குடித்து முடித்துத் தம்ளரைக் கீழே வைத்தார்.

"எங்க வீட்டு ஆளா வரட்டும்" என்றார்.

அத்தனை பேர் முன்னாலும் நான் அழுதுவிட்டேன். "அழாதலே, நீயும் மொதலாளி ஆயிட்டேல்ல" என்றார் மாமன்.

இப்போது நான் கல்லூரியில் தாடிக்காரரையும் அவரோடு மல்லுக்கு நின்றவர்களையும் சேர்த்தே நடத்துகிறேன். பூண்டு எடுப்பு வந்தால் லீவு போட்டுவிட்டு மலையேறிவிடுவேன். என் மாமனார்தான் அன்று படித்த பாடத்தை விடுவதாக இல்லை. "ஏங்க, கடைக்கு ஒரு எட்டு போயிட்டு வாங்க" என்று அத்தை சொன்னால் போதும், சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவார்.

"ஸ்ட்ரைக். மாப்ள உத்தரவு."

கலைவாணி விழுந்து விழுந்து சிரிப்பாள். அத்தை அவரை ஒரு வார்த்தை சொல்ல மாட்டார், பையை என் கையில் கொடுத்துவிடுவார். அந்த வீட்டில் இப்போது உழைக்கும் வர்க்கம் என்று ஒருவன் இருக்கிறான். அவனுக்குக் கோரிக்கை எதுவும் கிடையாது.