என் தலையில் கட்டிய வாஷிங் மெஷின்

அன்புள்ள மைத்துனனுக்கு, உன் அத்தான் கோபத்தோடு எழுதிக்கொள்வது.

இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் பேனா போகிறது, பழக்கதோஷம். யாரும் சுகமில்லை. அங்கேயாவது எல்லோரும் சுகமாக இருந்து தொலைக்கவும்.

"முன்பக்கம் கதவு வச்ச மெஷினெல்லாம் வேணாம் அத்தான், குனிஞ்சு குனிஞ்சு முதுகு போயிடும். மேல் மூடி வச்ச பழைய மாடல்தான் கல்லு மாதிரி உழைக்கும்" என்று சொல்லி, நீயே முன்னால் நின்று இறக்கிவிட்டுப் போனாயே, அது கல்லு மாதிரி இருந்தால் நான் ஏன் இந்தக் கடிதத்தை எழுதப்போகிறேன்? கல், வைத்த இடத்தில் இருக்கும். இது நடக்கிறது.

முதல் நாளே ஆரம்பித்துவிட்டது. தொட்டிக்கு நடுவே துடுப்பு வைத்த ஒரு தூண் நிற்கிறதே, அதை எந்தப் புத்திசாலி அங்கே நட்டான்? போர்வையைத் தன் இடுப்பில் சுற்றிக்கொண்டு, என் சட்டைக் கைகளை ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டு வைத்திருந்தது. நானும் உன் அக்காவும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து, வாய் பேசாமல் இழுத்தோம். சரி, இனி கண்காணிப்போம் என்று மூடியைத் திறந்து பார்த்தால் உடனே நின்றுவிடுகிறது. மூடினால் ஓடுகிறது, திறந்தால் நிற்கிறது. பஸ் பணிமனையில் மேற்பார்வையாளராக இருந்தவன் நான். அங்கே நான் எட்டிப் பார்த்தால்தான் வேலை நடக்கும். இங்கே நான் எட்டிப் பார்த்தால் வேலை நின்றுபோகிறது. இது என்ன அவமரியாதை?

வாய் பேசாமல் என்று எழுதினேன் அல்லவா, அதற்குக் காரணம் உனக்கும் தெரிந்திருக்கும். நான் ஓய்வு பெற்ற கையோடு, நல்லெண்ணத்தில், சமையலறை டப்பாக்களுக்கெல்லாம் பணிமனை முறைப்படி நம்பர் ஒட்டி வரிசையாக அடுக்கினேன். அன்றிலிருந்து உன் அக்கா என்னிடம் பேசுவதில்லை. "யாராவது கடைக்குப் போனா தேவலை" என்று ஃபிரிட்ஜிடம் சொல்வாள், நான் போவேன். வீடு அமைதியாகத்தான் இருந்தது, உன் மெஷின் வரும்வரை.

போன வாரம் நான் குளியலறையில் தலையெல்லாம் சோப்போடு நிற்கிறேன், வெளியே தடதடவென்று சத்தம். நடையின் மூலையில் நீ வைத்துவிட்டுப் போன மெஷின், துணி பிழிகிற வேகத்தில் ஆடி ஆடி நடந்து வந்து, குளியலறைக் கதவை அடைத்துக்கொண்டு நின்றுவிட்டது. குழாய் பிடுங்கிக்கொண்டு ஹால் வரைக்கும் வெள்ளம். நான் உள்ளேயிருந்து கத்துகிறேன், உன் அக்கா வெளியேயிருந்து சிரிக்கிறாள். கடைசியில் அவளே இடுப்பால் இடித்துத் தள்ளி என்னை வெளியே விட்டாள். என் மானம் கப்பலேறியது.

இப்போது மெஷின் பிழியத் தொடங்கினால் நாங்கள் இரண்டு பேரும் ஓடிப்போய், ஆளுக்கொரு பக்கம் தரையில் உட்கார்ந்து, முதுகால் அதை அழுத்திப் பிடிக்கிறோம். "உங்க பக்கம் வருதுங்க, விடாதீங்க!" என்று அவள் கத்துகிறாள். அதோடு விட்டாளா? "உப்புக்கு எதுக்குங்க பதினாலாம் நம்பர்? உப்பு என்ன பஸ்ஸா?" என்று பழைய கணக்கையெல்லாம் எடுக்கிறாள். எழுந்து போக முடியாது, போனால் மெஷின் கிளம்பிவிடும். நேற்று, "என்னை ஒரு வார்த்தை கேட்டுட்டு அடுக்கியிருக்கலாம்ல" என்றாள். "கேட்டிருக்கலாம்தான்" என்று நானும் கத்தித் தொலைத்தேன். அந்தச் சத்தத்தில் வேறு என்ன செய்வது? மாடி வீட்டுக்காரர் எங்களை ஒரு மாதிரி பார்க்கிறார். துணியும் குறைந்தபாடில்லை. நேற்று துவைத்த திரைச்சீலையையே இன்று மறுபடி போட்டாள்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமைக்குள் வேனோடு வந்து இதைத் தூக்கிக்கொண்டு போ. வராவிட்டால் நடத்தியே உன் வீட்டுக்கு அனுப்பிவிடுவேன், அதற்குத்தான் நடக்கத் தெரியுமே.

குழந்தைகளுக்கு என் ஆசிகள். உன் மனைவியை விசாரித்ததாகச் சொல்லவும். உனக்கு மட்டும் ஒன்றும் கிடையாது.

இப்படிக்கு,
முதுகு போன உன் அத்தான்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போகும் நேரத்தில், நான் முன்பே சொல்லி வைத்திருந்த மெக்கானிக் வந்துவிட்டான். "ஒரு கால் தூக்கிட்டு இருக்கு சார், அவ்வளவுதான்" என்று அடியில் எதையோ முறுக்கிவிட்டுப் போனான். மெஷின் இப்போது அசையவில்லை. பழக்கத்தில் நான் போய் முதுகைக் கொடுத்து உட்கார்ந்தேன். அந்தப் பக்கம் யாரும் வரவில்லை. அவன் முறுக்கியதை மறுபடி தளர்த்திப் பார்த்தேன், என் கைக்கு மசியவில்லை. சற்று முன் உன் அக்கா ஃபிரிட்ஜிடம், "சத்தமே இல்லாம வீடு எப்படியோ இருக்கு" என்று சொன்னாள். வேன் வேண்டாம். பெரிய ஸ்பானர் ஒன்றை எடுத்துக்கொண்டு உடனே வா.