குக்கர் என்பது எத்தனை பொருள்?

மனிதன் வாழ நூறு பொருள்கள் போதும் என்று பிளசன்டன் எளிய வாழ்வுக் குழு ஏகமனதாகத் தீர்மானித்தது. அந்தக் கூட்டத்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு பையும் தண்ணீர் பாட்டிலும் இலவசமாகக் கொடுத்தார்கள் என்பது வேறு விஷயம்.

என் வீட்டுக்காரர் சேக் தாவூத் இதை வாட்ஸ்அப்பில் படித்தார். எங்கள் பிளெய்ன்ஸ்பரோ அபார்ட்மென்டுக்கு அன்றைக்குப் பிடித்தது சனியன். சோபா போனது, கட்டில் போனது, ஒரு வேன் வந்தது. நியூஜெர்ஸியிலிருந்து நாட்டின் மறுகோடியிலுள்ள பிளசன்டன் வரை தரைமார்க்கமாகவே வந்து, நூறு பொருளோடு இறங்குகிற தம்பதிக்குக் குழு சான்றிதழ் தருமாம். அதை மாட்ட வேனுக்குள் ஆணிகூட அடித்துவிட்டார். ஆணி வேனின் பாகமாம், கணக்கில் வராதாம்.

எல்லாம் எண்ணி முடித்தபோது சரியாக நூறு. என் குக்கர் மட்டும் பாக்கி.

"குக்கர் ஒண்ணு, மூடி ரெண்டு, கேஸ்கெட் மூணு, வெயிட் நாலு. நூத்தி நாலு ஆயிடும், ஷரீபா."

"உங்க ஷூ?"

"ஜோடி. ஒண்ணுதான்."

"லேஸு?"

"அது ஷூவோட பாகம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருபது வருஷமாக இந்த மனுஷருக்குச் சோறு போட்ட குக்கர் அது. கடைசியில், சுகர் லேண்ட் வரை வரட்டும், அங்கே நண்பர் தாமஸ் வீட்டில் கொடுத்துவிடலாம் என்று கருணை காட்டினார்.

சுகர் லேண்டில் தாமஸின் மனைவி ஜெயகுமாரி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "அக்கா, பிளசன்டன்தானே போறீங்க? போற வழிதானே? என் நாத்தனாருக்கு இந்த முறுக்கு டின் மட்டும்." முறுக்குக்குப் பின்னால் கேரம் போர்டு வந்தது, அதற்குப் பின்னால் பக்கத்து வீட்டாரின் சைக்கிள் வந்தது. இவர் பதறிப்போய்க் குழுத் தலைவர் நவநீத்துக்கு போன் பண்ணினார்.

"பிறர் உடைமை கணக்கில் சேராது," என்றார் தலைவர். "பெறுபவர் பெயர் தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும். வழியில் பயன்படுத்தக் கூடாது."

அவ்வளவுதானே! குக்கரை அட்டைப்பெட்டியில் வைத்து டேப் ஒட்டி, வாயில் வந்த பெயரை எழுதினேன்: ஜலஜா, பிளசன்டன்.

நியூ மெக்ஸிகோவில் பிரெட் தின்றோம். அரிசோனாவிலும் பிரெட்தான். மூன்றாம் நாள் இவர் மெல்ல ஆரம்பித்தார். "அந்த ஜலஜா குக்கர்ல ஒரே ஒரு தடவை..."

"அடுத்தவங்க பொருள்ங்க. தொட்டா ஹராம்."

எனக்கும் பசிதான். ஆனாலும் அந்த முகத்தைப் பார்க்கவே பாதி வயிறு நிறைந்தது.

பிளசன்டன் ஹாலில் குழுவினர் கையுறை மாட்டிக்கொண்டு எண்ணினார்கள். மிகச் சரியாக நூறு! கைதட்டல். அடுத்து பிறர் உடைமைகளைப் பெயர் வாசித்து விநியோகித்தார்கள்.

"ஜலஜா!"

யா அல்லாஹ், எழுந்து வந்தது தலைவரின் மனைவி. பெட்டியைப் பிரித்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "ஐ! அஞ்சு லிட்டர்! யார் அனுப்பினா?"

இவர் என் கையை அழுத்தினார். சும்மா இரு, சான்றிதழ் வரட்டும் என்று அர்த்தம். என்னால் முடியவில்லை.

"அது என் குக்கர்!"

"அப்படியெனில் நூற்று நான்கு," என்றார் நவநீத். "சான்றிதழ் ரத்து."

இவர் என் கையை விட்டார். பிறகு, "போகுது விடு. ராத்திரிக்குச் சோறாவது கிடைக்கும்," என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவரை மன்னித்துவிட்டேன்.

ஜலஜா குக்கரை என் கையில் கொடுத்தாள். "எடுத்துக்கோங்க அக்கா. எங்க கராஜ்ல இருக்கிற சாமான் பூரா இவர் என் பேர்லதான் எழுதி வெச்சிருக்கார். அதுலயும் ஒண்ணுகூட என்னோடது இல்ல."

தலைவர் அவசரமாகக் கூட்டத்தை முடித்தார். ஆனால் வழிமுறை எல்லோருக்கும் பிடிபட்டுவிட்டது.

மறுநாள் காலை வேன் கதவைத் திறந்தால் உள்ளே கால் வைக்க இடமில்லை. டிரெட்மில், பழைய டிவி, மூன்று கீபோர்டு, பிரிக்காத கொலு பொம்மைப் பெட்டி. எல்லாவற்றிலும் தெளிவாக எழுதியிருந்தது: ஷரீபா, பிளெய்ன்ஸ்பரோ.

பிளசன்டனில் இன்று எல்லோரிடமும் சான்றிதழ் இருக்கிறது. எங்களிடம் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு பொருள்கள் இருக்கின்றன. அதில் குக்கரை நான் ஒன்றாகத்தான் எண்ணியிருக்கிறேன்.