குளிப்பாட்டிய ஆரஞ்சுகள்

உலகத்திலேயே அப்பழுக்கற்ற ஆரஞ்சுப் பழங்கள் எந்தத் தோட்டத்திலும் விளைவதில்லை. அவை எங்கள் ஆய்வகத்தில், இரண்டாவது மாடியில், பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் உருவாகின்றன. அங்கே அறிக்கைப் பிரிவின் மேற்பார்வையாளனாகப் பதினோரு வருஷம் குப்பை கொட்டியிருக்கிறேன் என்பதில் எனக்குப் பெருமை. எங்கள் அறிக்கைகளில் 'பூஞ்சைக்கொல்லி எச்சம்' என்ற கட்டத்துக்கு எதிரே எப்போதும் ஒரே சொல்தான் இருக்கும்: 'கண்டறியப்படவில்லை'. அதன் கீழே சோதித்தவர் ஒரு கையெழுத்து, நான் ஒரு கையெழுத்து.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பறித்த ஆரஞ்சு வழியில் பூசணம் பிடிக்காமலிருக்க மருந்துத் தண்ணீரில் முக்கி, மெழுகு பூசி அனுப்புவார்கள். மருந்து பெரும்பாலும் தோலில்தான் தங்கும். ஆகவே பழத்தை வந்தது வந்தபடியே, தோலோடு அரைத்து அளக்க வேண்டும் என்கிறது விதிப் புத்தகம். புத்தகம் எழுதியவர்களுக்குச் சுத்தத்தைப் பற்றி என்ன தெரியும்? எங்கள் இயக்குநருக்குத் தெரியும். அவரை 'சுத்தம் சார்' என்றுதான் அழைப்போம், அவர் பக்கத்தில் இல்லாதபோது. பதவியேற்ற அன்றே அவர் 'முன்தூய்மைத் திட்டம்' கொண்டுவந்தார். அதன்படி ஒவ்வொரு பழமும் வெந்நீரில் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டி, துவட்டி, தோலுரித்த பிறகே கருவிக்குப் போகும். அத்தனை விலையுயர்ந்த கருவி. அதன் முன்னால் அழுக்கோடு போய் நிற்கலாமா?

குளிப்பாட்டும் பொறுப்பு உதவியாளர் அக்காவுடையது. பதினோரு வருஷத்தில் ஒருநாள் கூட விடுப்பு எடுக்காதவர், ஒரு புதன்கிழமை எடுத்துவிட்டார். மகளுக்குக் காய்ச்சல்.

அன்று பார்த்து இருபது டன் சரக்கின் மாதிரி வந்து சேர்ந்தது. வேலைக்கு வந்து ஐந்தே நாளான புதிய வேதியியலாளர், பழத்தைக் குளிப்பாட்ட ஆளில்லாததால், என்ன செய்வதென்று விதிப் புத்தகத்தைத் திறந்து பார்த்துவிட்டார். தோலோடு அரைத்தார். அனுமதித்த அளவைப் போல ஐந்து மடங்கு என்றது கருவி.

அவசரக் கூட்டம் கூடியது. விவாதப் பொருள்: 'உதவியாளரின் விடுப்பும் அதனால் பழங்களுக்கு நேர்ந்த பாதிப்பும்'.

"லீவு யார் குடுத்தது?" என்றார் சுத்தம் சார்.

"நீங்கதான் சார்," என்றேன்.

"நான் அக்காவுக்குத்தான்யா லீவு குடுத்தேன். குளிப்பாட்டுறதுக்கு யார் லீவு குடுத்தது?"

எல்லோரும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டோம். அவ்வளவு ஆழமான கேள்வி.

"சார், பழத்துல அஞ்சு மடங்கு இருக்கு," என்றார் வேதியியலாளர்.

"பழத்துல இல்லம்மா, தோல்ல. உங்க வீட்ல ஆரஞ்சைத் தோலோடவா சாப்பிடுவீங்க?"

"எங்க வீட்டுக்கு வரல சார் இது. மிட்டாய்க் கம்பெனிக்குப் போகுது. அவங்களுக்குச் சுளையே வேண்டாம். தோலை மட்டும் நறுக்கிச் சர்க்கரைப் பாகுல ஊறவைப்பாங்க. சின்னப் பிள்ளைங்க திங்கிற மிட்டாய்."

சுத்தம் சார் கண்ணை மூடி யோசித்தார். "மிட்டாய் வந்தா மிட்டாயைப் பார்ப்போம். நமக்கு வந்திருக்கிறது பழம். பழத்துக்குச் செய்யவேண்டிய மரியாதையைச் செய்வோம்."

மறுநாள் அக்கா வந்தார். பழம் குளித்தது. எச்சம் கண்டறியப்படவில்லை. வேதியியலாளர் கையெழுத்துப் போட மறுத்ததால் சுத்தம் சாரே போட்டார். நானும் போட்டேன். லாரி கிளம்பியது.

பிறகு அவர் வேதியியலாளரைக் கூப்பிட்டு, என் முன்னாலேயே கனிவாகச் சொன்னார்: "உங்க வேலை இன்னும் நிரந்தரமாகலம்மா. அந்த வார்த்தைக்குக் கீழ உங்க கையெழுத்து ஒண்ணே ஒண்ணு வரட்டும். ஆர்டர் ரெடியா இருக்கு. ஆறு வாரம் டைம்."

"வரலைன்னா சார்?"

"வேற யாராவது வருவாங்கம்மா."

ஐந்து வாரம் அவர் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. ஆறாவது வாரம் மிட்டாய்க் கம்பெனியிலிருந்து 'நன்றியுடன்' ஒரு பெட்டி வந்தது. சுத்தம் சார் எல்லோரையும் கூட்டி, பெருமையோடு திறந்தார். உள்ளே சர்க்கரை மினுமினுக்க நாற்பது துண்டு ஆரஞ்சுத் தோல் மிட்டாய்.

"நம்ம உழைப்போட இனிப்பு. எடுத்துக்குங்க."

"மொதல்ல நீங்க எடுங்க சார்," என்றார் வேதியியலாளர்.

"டாக்டர் எனக்கு இனிப்பே ஆகாதுன்னுட்டாரு." அவர் காபியில் அப்போது மூன்று கரண்டிச் சர்க்கரை கரைந்துகொண்டிருந்தது.

துணை இயக்குநருக்குப் பல்வலி. கருவியைப் பார்த்துக்கொள்பவர் இப்போதுதான் வயிறு முட்டச் சாப்பிட்டாராம், மணி பத்தரை. எனக்கு நெஞ்செரிச்சல். கூப்பிட்டால் உடனே வருகிற நெஞ்செரிச்சல் அது. பெட்டி இருபத்தாறு பேரையும் சுற்றிவிட்டு, போன எடை குறையாமல் மேஜைக்குத் திரும்பியது.

"வீணாக்கக் கூடாது," என்றார் சுத்தம் சார். "பக்கத்துல ஸ்கூல் இருக்கில்ல. பிள்ளைங்களுக்குக் குடுத்துட்டு வந்துடுங்கக்கா."

அக்கா பெட்டியைக் கையில் வாங்கினார். எதையும் முறைப்படி செய்கிறவர். "அப்படியே குடுத்துடவா சார், கழுவிட்டுக் குடுக்கவா? என் பொண்ணும் அங்கதான் படிக்குது."

சுத்தம் சாருக்குத் திடீரென்று ஒரு கூட்டம் ஞாபகம் வந்தது. எழுந்து போனார். கொஞ்ச நேரத்தில் மற்றவர்களுக்கும் அதே கூட்டம் ஞாபகம் வந்தது.

வேதியியலாளர் அக்காவிடமிருந்து பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டார். ஓர் அறிக்கைப் படிவத்தை எடுத்து நிதானமாக நிரப்பினார். மாதிரி: ஆரஞ்சுத் தோல் மிட்டாய், நாற்பது துண்டு. சோதனை முறை: விஷயம் தெரிந்த இருபத்தாறு பேர் முன்னால் வைத்தல். எடுத்துச் சாப்பிட்டவர்: கண்டறியப்படவில்லை.

கீழே கையெழுத்துப் போட்டு என் பக்கம் நகர்த்தினார்.

"நாளையோட ஆறு வாரம் முடியுது. சார் கேட்ட கையெழுத்தைப் போட்டுட்டேன். உங்களோடதுதான் பாக்கி. காப்பி ஒண்ணு கம்பெனிக்கும் போகும்ல சார்?"

"போகும்மா. எல்லா அறிக்கையும் போகும்."

பேனாவைத் திறந்தேன். நெஞ்செரிச்சல் இந்த முறை கூப்பிடாமலே வந்தது. அந்தச் சொல்லின் கீழே பதினோரு வருஷத்தில் நாலாயிரத்துச் சொச்சம் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். உண்மை என்று தெரிந்து போட்டது இந்த ஒன்றுதான்.