கௌதாரித் துப்பாக்கியும் மஞ்சள் நாடாவும்

அந்த டிசம்பரில் மாமியார் வீட்டுக்குப் போவதே இல்லை என்று நெய்னா முகம்மது முடிவு செய்தார். முடிவு செய்தது செப்டம்பரில். அதை மனைவியிடம் சொல்லும் தைரியம் அக்டோபர் வரைக்கும் வரவில்லை. அதனால் தைரியம் தேவைப்படாத வழியைப் பிடித்தார். பொய் சொல்லிவிட்டார்.

“அர்பாப் லீவு மாஃபி, கெடையாதுன்னுட்டாரு, ருக்கையா. நானும் எவ்வளவோ மன்றாடிப் பாத்துட்டேன்.”

ருக்கையா தையல் மிஷினை விட்டுத் தலையைத் தூக்கவில்லை.

“அப்படியா” என்றாள்.

அழுகை வரும், குறைந்தது ஒரு தட்டாவது உடையும் என்று எதிர்பார்த்திருந்த நெய்னாவுக்கு இந்த ஒற்றைச் சொல் குழப்பமாக இருந்தது. டிசம்பரில் அவளுடைய தங்கைக்கு நிக்காஹ். காயல்பட்டினத்தில் கல்யாணம் ஆன ஆண் மனைவி வீட்டில்தான் வாழ வேண்டும். ஷார்ஜாவில் முதலாளி மாதிரி கடை நடத்துகிறவர் ஊருக்குப் போனதும் மாமியார் வீட்டு மூத்த மாப்பிள்ளையாகிவிடுவார். பேர்தான் மாப்பிள்ளை. பந்தல்காரனிடம் சண்டை போடுவது, ஆட்டுக்கு அலைவது, கல்யாணக் களரிச் சாப்பாட்டில் பலர் சேர்ந்துண்ணும் சஹன் தட்டைத் தூக்குவது எல்லாம் அவர் தலையில்தான் விழும். போன கல்யாணத்தில் சஹன் தூக்கிப் பிடித்த இடுப்பு, மழை வந்தால் இன்னும் வலிக்கிறது.

இதுவாவது பரவாயில்லை. இந்த டிசம்பரில் அர்பாப், அதாவது அரபு முதலாளி, மொராக்கோ போகிறார். மலையில் கௌதாரி வேட்டை. “நெய்னா, நீயும் வா” என்று அவரே வாய்விட்டுச் சொல்லியிருந்தார். ஒரு பக்கம் மொராக்கோ, மறுபக்கம் மாமியார். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

தொழிற்பேட்டையில் நெய்னா பார்த்துக்கொள்ளும் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு அர்பாப்தான் கஃபீல், விசா கொடுத்த பொறுப்பாளி. நெய்னாவின் பாஸ்போர்ட்டும் ருக்கையாவின் பாஸ்போர்ட்டும் அவர் அலமாரியில்தான் தூங்கின. நல்ல மனுஷர். ஆறடிக்கு மேல் உயரம், கதவு நிலையில் குனிந்துதான் வருவார். ஒருநாள் அவர் வீட்டு வரவேற்பறையான மஜ்லிஸில் வேட்டைப் பேச்சு வந்தபோது நெய்னாவின் நாக்கு சும்மா இருக்கவில்லை. எங்கள் ஊர்த் தேரிக்காட்டில் நான் சுடாத கௌதாரியே இல்லை என்று அரபியும் இந்தியும் கலந்து அடித்துவிட்டார். உண்மையில் வலைக்காரர்கள் காலைக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டுக் கொண்டுவரும் கௌதாரியை அவர் பேரம் பேசி வாங்கியதுண்டு. அவர் ஆடிய வேட்டை அவ்வளவுதான்.

அர்பாப் நம்பிவிட்டார். நம்பியதோடு நில்லாமல் பொறுப்பையும் தூக்கிக் கொடுத்தார். மொராக்கோவில் கௌதாரி சுடவும், வெள்ளிக்கிழமைகளில் கிளப்பில் மிஷின் வீசும் களிமண் தட்டுகளைச் சுடவும் ஒரே துப்பாக்கி வேண்டும். செமி ஆட்டோமேட்டிக் வேண்டும். நெய்னாவே பார்த்துத் தேர்ந்தெடுத்துச் சொல்ல வேண்டும், லைசென்ஸ் பேப்பரில் தான் கையெழுத்துப் போட்டுவிடுவதாகச் சொன்னார். நல்லதாகத் தேர்ந்தெடுத்தால் மொராக்கோ. சொதப்பினால் வேட்டைக்காரன் வேஷம் கலையும்.

துபாயில் இருந்த துப்பாக்கிக் கடையில் அகமது கபீர் என்ற ஹைதராபாத்காரர் வாய் ஓயாமல் விளக்கினார். ஒரு துப்பாக்கி, வெடிக்கிற தோட்டாவின் புகையில் கொஞ்சத்தைத் திருடி அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளுமாம். உதை குறைவு, ஆனால் அடிக்கடி பிரித்துத் துடைக்க வேண்டும். இன்னொன்று உதையின் வேகத்திலேயே ஓடுமாம். துடைக்கிற வேலை குறைவு, ஆனால் தோள் வீங்கும். குழலின் விட்டத்தில் பன்னிரண்டு போர் கனம், இருபது போர் லேசு. குழல் நீளமாக இருந்தால் களிமண் தட்டுக்கு நல்லது, குட்டையாக இருந்தால் புதருக்குள் வசதி. மலை ஏற லேசான துப்பாக்கி வேண்டும், ஆனால் லேசான துப்பாக்கி அதிகம் உதைக்கும். நெய்னா எல்லாவற்றுக்கும் “அச்சா, அச்சா” என்று தலையாட்டினார். கடைசியில் குழலின் வாயில் திருகும் சின்னக் குழாயைக் கையில் எடுத்துப் பார்த்து, இது எந்த வண்டிக்கு என்று கேட்கப்போய் சமாளித்துக்கொண்டார்.

கிளம்பும்போது கபீர் இன்னொரு குண்டையும் போட்டார். துப்பாக்கி எதுவானாலும் தோளில் பதியும் கட்டையின் அளவு பொருந்த வேண்டும். முழங்கையை மடக்கி, மடிப்பிலிருந்து விசையை இழுக்கும் விரல்வரை அளந்து வாருங்கள், அதற்குத் தக்கபடி கட்டையை அறுத்துத் தருகிறோம். மலைக் குளிருக்குத் தடித்த கோட்டு போடுவதானால் கட்டை இன்னும் கொஞ்சம் குட்டையாக வேண்டும்.

நெய்னா வீட்டுக்கு வந்து விழுந்தார். ருக்கையா ஒரு கறுப்பு அபாயாவில் வலது தோளுக்கு மட்டும் மெத்தை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். அர்பாப் வீட்டம்மா உம்மு ஹமதுக்கு உடுப்பெல்லாம் இவள் தைப்பதுதான். வாரம் தவறாமல் பெண்கள் வாசல் வழியாகப் போய், வட்டிலப்பம் கொடுத்துவிட்டு, பேச்சும் பேரீச்சம்பழமுமாகத் திரும்பி வருவாள். ஆண்கள் மஜ்லிஸில் இருக்கும் நெய்னாவுக்கு அந்தப் பக்கத்துப் பேச்சு ஒன்றும் காதில் விழாது. ஒற்றைத் தோள் மெத்தை என்ன புது ஃபேஷனோ என்று நினைத்தார். கேட்கவில்லை. அவர் தலைக்குள் ஏற்கனவே இரண்டு துப்பாக்கி ஓடிக்கொண்டிருந்தது.

வேறு வழியில்லை, மனைவியிடமே கொட்டினார். மொராக்கோ போகிற ஆளில் தானும் ஒருவன் என்பதை மட்டும் விழுங்கிக்கொண்டார்.

ருக்கையா ஊசியைக் குத்தி வைத்துவிட்டுக் கேட்டாள். “நடந்து சுமக்கணுமா, நின்னு சுடணுமா?”

“ரெண்டும்.”

“அப்ப சுமக்க லேசா வேணும். சுட்டா உதைக்கக் கூடாது. லேசானது உதைக்குமின்னா, அந்தப் புகை திருடுறதுல லேசானதா எடுத்தா உதை கொறையும்லா?”

நெய்னா நிமிர்ந்து உட்கார்ந்தார். கபீர் சாயங்காலம் முழுக்கச் சொல்லியும் ஏறாதது இப்போது ஏறியது. இருபது போர், புகை திருடும் ரகம்.

“துடைக்கணுமே?”

“துடைக்கிறது நீங்களா?”

அதுவும் சரிதான். மிச்சம் இருந்தது அளவு. அர்பாப்பின் கையைப் பிடித்து முழங்கையை மடக்குங்கள் என்று சொல்ல முடியுமா? தேரிக்காட்டு வேட்டைக்காரன் ஆளைப் பார்த்தே அளவு சொல்ல வேண்டாமா? நெய்னா தலையைச் சொறிந்தார்.

“இதுக்கா விசாரப்படுறிய?” ருக்கையா டப்பாவைத் திறந்தாள். ஒரு மஞ்சள் நாடாவை எடுத்து, எதையோ மனதில் கணக்குப் போட்டு, கத்தரித்து நீட்டினாள். “இதக் கொண்டு குடுங்க.”

நாடா குட்டையாகத் தெரிந்தது. நெய்னா தன் கையில் வைத்துப் பார்த்தார். தன் கைக்கே போதவில்லை.

“என்னமா, இம்புட்டுத்தானா?”

“போற இடம் குளிருதானே, மச்சான்?”

சட்டென்று நெய்னாவுக்கு விளங்கிவிட்டது. தடித்த கோட்டு! கபீர் சொன்னதை இவள் தானாகவே பிடித்துவிட்டாளே என்று அதிசயப்பட்டு, கோட்டுக்கும் கட்டைக்கும் உள்ள சம்பந்தத்தை மனைவிக்கு விரிவாக எடுத்துச் சொன்னார். ருக்கையா பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். பாவம், லீவு கிடைக்காத வருத்தத்திலும் புருஷனுக்கு எவ்வளவு ஒத்தாசை என்று அவருக்கு மனம் இளகியது. மொராக்கோவிலிருந்து ஒரு நல்ல சால்வை வாங்கி வரலாம் என்று நினைத்துக்கொண்டார்.

கபீர் நாடாவைப் பார்த்து இது உங்கள் அர்பாப்புக்கா, அவர் மகனுக்கா என்று கேட்டார். வேட்டைக்காரனிடம் அளவு பேசாதே என்கிற பார்வை ஒன்றைப் பார்த்தார் நெய்னா. மெக்கானிக் கட்டையை அறுத்தார்.

கடைக்காரர்கள் துப்பாக்கியை அர்பாப் வீட்டில் ஒப்படைத்தார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை அஸர் தொழுகை முடிந்து கிளப்புக்குப் போனார்கள். அர்பாப்பின் லேண்ட் குரூசரில் பின்சீட்டில் உம்மு ஹமதும் இருந்தார். காற்று வாங்க வந்திருப்பார் என்று நெய்னா ஒதுங்கி, தரையைப் பார்த்தபடி நின்றார்.

அர்பாப் துப்பாக்கியைத் தூக்கினார். லேசாக இருப்பதைப் பார்த்து மாஷா அல்லாஹ் சொன்னார். நெய்னாவுக்கு மொராக்கோ மலைக்காற்று முகத்தில் அடித்தது. அர்பாப் அதைத் தோளில் வைத்தார். நீளக் கைக்குக் குட்டைக் கட்டை. அவருடைய கட்டைவிரல் மூக்கோடு ஒட்டிக்கொண்டு நின்றது. மிஷின் தட்டை வீசியது. டப் என்று வெடித்தது. தட்டு பத்திரமாக மணலில் இறங்கியது. அர்பாப் மூக்கைப் பிடித்துக்கொண்டார்.

“நெய்னா, இது என்ன?”

“கோட்டு, அர்பாப். கோட்டு போட்டா சரியாயிடும்.”

ஷார்ஜா வெயிலில் கோட்டுக்கு எங்கே போவது? அர்பாப் குழப்பத்தோடு துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மறுபடி சுட்டார். மறுபடியும் மூக்கு. அறுத்த கட்டை திரும்ப வளராது.

வண்டிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அரபியில் ஏதோ மெல்லிய பேச்சு. நெய்னா தலையை நிமிர்த்தவில்லை. டப். களிமண் சிதறியது. டப். இன்னொன்றும் சிதறியது. ஓரக்கண்ணால் ஒரு நொடி பார்த்தார். கறுப்பு அபாயாவின் வலது தோளில் மெத்தை. துப்பாக்கிக் கட்டை அந்த மெத்தையில் அளவெடுத்து வைத்ததுபோல உட்கார்ந்திருந்தது. ருக்கையா அளவெடுத்துத்தான் வைத்திருக்கிறாள் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

அர்பாப் வாய்விட்டுச் சிரித்தபடி வந்தார். அவருக்குக் கோபமே இல்லை. வீட்டுக்காரி வருஷக்கணக்காகத் நானும் வேட்டைக்கு வருகிறேன் என்று கேட்டுக்கொண்டிருந்தாளாம். உனக்குப் பொருந்துகிற துப்பாக்கி கிடைத்தால் பார்ப்போம் என்று இவர் சொல்லிச் சொல்லித் தட்டிக் கழித்தாராம். இப்போது பொருந்திவிட்டது. சொன்ன சொல்லை மீற முடியாது. அவள் மொராக்கோ வருகிறாள், பழைய துப்பாக்கியே எனக்குப் போதும் என்றார்.

“அப்ப நான், அர்பாப்?”

அர்பாப் அவர் தோளில் கை போட்டார். வீட்டுப் பெண் வருகிற வேட்டைக் கூடாரத்தில் அன்னிய ஆண் எப்படி இருக்க முடியும்? அது முறையில்லை என்று நெய்னாவுக்கும் தெரியும். இதை அவரே நாலு பேருக்கு எடுத்துச் சொல்லக்கூடியவர்.

“நீ ஊருக்குப் போ” என்றார் அர்பாப். “லீவு கேட்க உனக்கு வெட்கம்னு ருக்கையா எங்க வீட்டுல சொல்லியிருக்கா. ஏன் வெட்கம்? நான் எப்பவாவது மாஃபி சொல்லியிருக்கேனா?”

கந்தூரா அங்கியின் பையிலிருந்து இரண்டு பாஸ்போர்ட்டையும் எடுத்துக் கையில் வைத்தார். டிக்கெட் அவற்றுக்குள்ளேயே இருந்தது.

ஷார்ஜா முவைலாவில் தன் வீட்டுக் கதவைத் திறந்தபோது பெட்டிகள் கட்டி முடிந்திருந்தன. தங்கைக்கு வாங்கிய சேலைகளின் மேல் ஒரு புது வெள்ளைத் துணி மடித்து வைத்திருந்தது. நெய்னா பாஸ்போர்ட்டை மேஜைமேல் வைத்தார். கேட்க நிறைய இருந்தது. எங்கிருந்து தொடங்கினாலும் தன் பொய்யில்தான் போய் முடியும்போல் தெரிந்தது. கடைசியில் மிகச் சின்னதைக் கேட்டார்.

“அந்த மஞ்ச நாடாவுல மிச்சம் இருக்கா?”

“ஈக்குதே” என்றாள் ருக்கையா. கழுத்தில்தான் போட்டிருந்தாள். “கைய நீட்டுங்க. கல்யாணச் சட்டைக்கு அளவெடுக்கணும். அக்குள்ள நல்லா லூசு விட்டுத் தைக்கேன், சஹன் தூக்குறப்ப இழுக்கக் கூடாதுல்லா?”

நெய்னா முகம்மது கையை நீட்டினார்.