வடக்குத்து மறியல்

சைக்கிள் பந்தயம் முடியும் இடத்தில் சுண்ணாம்பால் கோடு இழுத்துவிட்டுப் பழனிவேல் நிமிர்ந்தான். லாரி டிரைவர் ஜமால் முகமது பண்ருட்டியிலிருந்து கொண்டுவந்த பெஞ்சுகளை இறக்கிவிட்டு அவனிடம் வந்தார்.

"வடக்குத்துல ஜனங்க ரோட்ல குந்திக்கினு இருக்காங்க சார். நூறு பேர் இருப்பாங்க. ஆரன் அடிச்சு அடிச்சுத்தான் வண்டியக் கொண்டாந்தேன்."

பழனிவேல் வாளியைக் கீழே வைத்தான். அவன் பயந்துகொண்டிருந்தது நடந்துவிட்டது. சுரங்கத்துக்கு நிலம் கொடுத்தவர்கள் வீட்டுக்கு ஒரு பர்மனெண்ட் வேலை கேட்டு மறியல் செய்யப்போகிறார்கள் என்று இரண்டு வாரமாக டவுன்ஷிப் முழுக்கப் பேச்சு. என்றைக்கு என்பது மட்டும் யாருக்கும் தெரியாமல் இருந்தது.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. எட்டு மணிக்கு நெல்லிக்குப்பத்தில் பந்தயம் தொடங்கிவிடும். சேலம், கோயம்புத்தூர், மெட்ராஸ் என்று வெளியூர்களிலிருந்து வந்த எட்டுப் பேர்; ஊர் ஊராகப் பந்தயம் ஓட்டியே பிழைப்பு நடத்துகிறவர்கள். வடக்குத்து வழியாக அவர்கள் டவுன்ஷிப்புக்குள் நுழையும்போது மணி ஒன்பதாகும். பரிசு கொடுக்க மெட்ராஸ் தலைமை ஆபீசிலிருந்து மேலதிகாரியான பெரியவர் ஒருவர் வந்து கெஸ்ட் ஹவுசில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

பழனிவேல் சுரங்கத்தில் ஆள் சேர்ப்பும் வருகைப் பதிவும் பார்க்கும் டைம் ஆபீசில் நாலு வருஷமாகக் கான்ட்ராக்ட் குமாஸ்தா. "இந்தப் பந்தயத்த ஒரு குறையும் இல்லாம நடத்திக் குடு. உன் பர்மனெண்ட் ஃபைலை நானே மேல அனுப்பறேன்" என்று சூப்பரிண்டெண்டெண்ட் சண்முகசுந்தரம் சொல்லியிருந்தார்.

"போலீசுக்குச் சொல்லிடலாமா சார்?" என்றார் ஜமால்.

"போலீஸ் வந்தா பேப்பர்ல வரும். வண்டிய எடுங்க, நானே பேசறேன்."

வடக்குத்தில் ஆணும் பெண்ணும் பிள்ளைகளுமாக ரோட்டின் இரண்டு பக்கமும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு மாட்டுவண்டி போகும் அளவுக்கு மட்டும் வழி விட்டிருந்தார்கள். முழுசாக மறித்தால் கேஸ் ஆகும் என்று விவரம் தெரிந்த யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் என்று பழனிவேல் நினைத்துக்கொண்டான்.

முன்வரிசையில் சாமியம்மாள் இருந்தாள். அவளுடைய மூன்று காணி நிலம் சுரங்கத்துக்குள் போய் ஆறு வருஷம் ஆகிறது. வாரம் தவறாமல் ஆபீஸ் வாசலில் வந்து நிற்பதால் அவனுக்கு நல்ல பழக்கம்.

"வணக்கம்மா. நீங்க ஏன் இங்க உக்காந்திருக்கீங்கன்னு எனக்குத் தெரியும்."

"தெரியாம என்னாங்க. ஊருக்கே தெரியுமே."

"கொஞ்சம் எழுந்து அந்தப் புளியமரத்தடிக்குப் போயிடறீங்களா?"

"அது எப்புடிங்க? விடியறதுக்கு முந்தி வந்து புடிச்ச எடம். எழுந்தா போச்சு."

எடம் என்று அவள் சொன்ன விதத்தில் பழனிவேலின் மனம் இளகிவிட்டது. நிலத்தைப் பறிகொடுத்தவள் வேறு எப்படிப் பேசுவாள்?

"எத்தனை மணி வரைக்கும் இப்படி உக்காரப் போறீங்க?"

"சைக்கிளுங்க வர்ற வரைக்குந்தான்."

சைக்கிள்களை மறிக்கத்தான் என்று அவன் முடிவு செய்துகொண்டான். "மனு ஏதாவது எழுதி வச்சிருக்கீங்களா?"

"அது வூட்ல இருக்குதுங்க."

மறியலுக்கு வந்தவர்கள் மனுவை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருப்பது அவனுக்கு விசித்திரமாகப் பட்டது. ஆனால் அதிலேயே ஒரு வழியும் தெரிந்தது.

"அதை எடுத்துக்கிட்டு எல்லாரும் லாரில ஏறுங்க. மெட்ராஸ்லேர்ந்து பெரியவர் வந்திருக்காரு. அவர் கையிலயே நேராக் குடுத்துடலாம்."

சாமியம்மாள் பக்கத்திலிருந்த வீராயியைப் பார்த்தாள். வீராயி ரோட்டைப் பார்த்தாள்.

"அப்ப பந்தயம்?" என்றாள் வீராயி.

"அதைப் பத்தி நீங்க கவலையே படாதீங்க."

ஆறு வருஷமாக வாட்ச்மேனுக்கு மேல் ஒருவரையும் பார்க்காதவர்கள். பெரியவர் கையில் என்றதும், அரைமனசாகத்தான் என்றாலும், எழுந்து லாரியில் ஏறினார்கள். வடக்குத்து ரோடு துடைத்துவிட்டாற்போல் ஆனது. பழனிவேல் தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டான்.

அடுத்த ஊரில் லாரியை ஐம்பது பேர் மறித்தார்கள்.

"எங்க போறாங்க எல்லாரும்?"

"பெரியவரப் பாக்க" என்று மேலிருந்து யாரோ சொன்னார்கள். பின்வரிசைக்குப் போய்ச் சேர்வதற்குள் அது 'வேலைக்கு ஆள் எடுக்கறாங்களாம்' என்று ஆகியிருந்தது.

"வடக்குத்தான் நெலம்தான் நெலமா? எங்களுது என்னா ஓசியா?" என்று ஒருவர் முன் சக்கரத்துக்கு எதிரே துண்டை விரித்துப் படுத்துக்கொண்டார்.

பழனிவேல் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். சைக்கிள்கள் பண்ருட்டியைத் தாண்டியிருக்கும்.

"உங்களுக்கும் லாரி வரும். இவங்கள இறக்கிட்டு இதே வண்டி வரும்."

வந்தது. இரண்டாவது லோடு டவுன்ஷிப்புக்குள் நுழைந்தபோது, பந்தயம் பார்க்க வந்திருந்த கான்ட்ராக்ட் தொழிலாளிகள் அதைக் கவனித்தார்கள். அவர்களில் கொளஞ்சியப்பன் என்பவன் லாரிப் படியில் ஏறி ஜமாலிடம் கேட்டான்.

"யாருங்க பாய் இவங்கல்லாம்? எதுக்கு லோடு லோடா எறக்கறீங்க?"

"எனக்கென்ன தெரியும்? டைம் ஆபீஸ் சார் ஏத்தச் சொன்னாரு, ஏத்தினேன்."

டைம் ஆபீஸ் என்ற வார்த்தையே போதுமானதாக இருந்தது. நம்மை நிறுத்திவிட்டுப் புது ஆட்களைக் கொண்டுவருகிறார்கள் என்று கொளஞ்சியப்பன் சொல்லி முடிப்பதற்குள் எண்பது பேர் ரோட்டின் குறுக்கே, பழனிவேல் இழுத்த சுண்ணாம்புக் கோட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்கள். இவர்கள் ஒரு சைக்கிள் போகக்கூட இடம் விடவில்லை.

பழனிவேல் ஓடிவந்தான். "கொளஞ்சி, உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகல. இவங்க மனு குடுக்க வந்தவங்க. நான் சொல்றதக் கேளு, நானும் கான்ட்ராக்ட்தான்."

"அப்பறம் ஏன் நின்னுக்கினு இருக்க? குந்து" என்று கொளஞ்சியப்பன் அவன் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தான். இரண்டு பக்கமும் ஆட்கள் நெருக்கியதில் அவனால் எழுந்திருக்க முடியவில்லை.

அந்த நேரம் பார்த்துச் சண்முகசுந்தரத்தின் ஜீப் பெரியவரோடு வந்து நின்றது.

"இத்தனை பேர் எதுக்கு உக்காந்திருக்காங்க?" என்றார் பெரியவர்.

சண்முகசுந்தரத்தின் பார்வை கூட்டத்தில் அலைந்து பழனிவேல்மேல் வந்து நின்றது. "ரசிகர்கள் சார். எங்க ஆளுங்களுக்கு ஸ்போர்ட்ஸ்னா உயிர்."

பெரியவர் நெகிழ்ந்துபோனார். இப்படிப்பட்ட ஆர்வத்தை மெட்ராஸில்கூடப் பார்த்ததில்லை என்று சொல்லிக்கொண்டே கூட்டத்துக்குள் போனார். சாமியம்மாள் மனுவை நீட்டினாள். அவர் அதை நின்ற இடத்திலேயே படித்தார். முகம் மாறியது. இன்னொரு முறை படித்தார்.

"ஆறு வருஷமா ஒருத்தரும் இவங்ககிட்டப் பேசலையா?" என்று திரும்பிக் கேட்டார்.

சண்முகசுந்தரம் சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்தார்.

"நாளைக்குக் காலையில ஆபீசுக்குக் கூப்பிட்டுப் பேசுங்க. என்ன முடிவாச்சுன்னு எனக்கு எழுதுங்க." சாமியம்மாள் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

அப்போதுதான் சைக்கிள்கள் வந்தன. எட்டுப் பேரும் ஒரே கொத்தாக வந்து, கோடு எங்கே என்று தெரியாமல் பிரேக் பிடித்து, கூட்டத்தின் விளிம்பில் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து நின்றார்கள். யார் முதல் என்று சொல்லக் கடவுளால்தான் முடியும்.

"என்னங்க ஊர் இது?" என்றான் சேலத்துக்காரன், மூச்சு வாங்கியபடி. "இருபது மைல் மிதிச்சு வர்றோம், கடைசி அஞ்சு மைல்ல கைதட்ட ஒரு ஈ காக்கா இல்ல. முடியற எடத்துல மட்டும் ரோட்டையே அடைச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்க."

கடைசியில் எட்டுப் பேருக்கும் ஆளுக்கொரு டைனமோ விளக்கு கொடுத்து அனுப்பினார்கள். ஜீப்பில் ஏறும் முன் சண்முகசுந்தரம் பழனிவேலைத் தனியே கூப்பிட்டார்.

"உன் ஃபைல் மேல போறதுக்குத் தயாரா இருந்துச்சு. இனிமே அது கீழேயே இருக்கட்டும். கான்ட்ராக்ட்டுக்காரங்களோட உக்காந்திருந்தியே, அங்கேயே இரு."

ஜீப் போய்விட்டது. பழனிவேல் சட்டையெல்லாம் சுண்ணாம்போடு லாரிக்குப் பக்கத்தில் வந்தான். வடக்குத்து ஜனங்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். வீராயி மட்டும் கீழே நின்றாள். அவனால் மனசில் இருந்ததைக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"ஏம்மா, உங்க கோரிக்கை நியாயந்தான். ஆனா மறியல் பண்ண உங்களுக்கு இந்த ஒரு நாள்தானா கெடச்சுது?"

வீராயி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "மறியல் நாளைக்குத்தானுங்களே, ஞாயித்துக்கெழம ஆபீசு பூட்டிக் கெடக்கையில யாருங்க மறியல் பண்ணுவாங்க? இன்னிக்கு சைக்கிள் பாக்கலாம்னு குந்திக்கினு இருந்தோம், நீங்கதான் அதையும் பாக்க வுடாம லாரில ஏத்திக்கினு வந்துட்டீங்க."