நாலு மணி இரைச்சல்

சரியாக மாலை நான்கு மணிக்கு ரேடியோ மறுபடியும் கொரகொரத்தது. அருளானந்தம் தலையில் கை வைத்துக்கொண்டார்.

பத்து நாளாக இதே கூத்துதான். மற்ற நேரமெல்லாம் சமர்த்தாகப் பாடும் ரேடியோ, அறிவிப்பாளர் ரக்ஷனா வணக்கம் சொன்னதும் கொரகொரக்கும். ஐந்து மணிக்கு அவர் விடைபெற்றதும் அடங்கிவிடும். இன்றைக்கு அதைப் பொறுத்துக்கொள்ள முடியாது. மனைவி பிரிஜட்டுக்கு அறுபதாவது பிறந்தநாள். இரண்டு வருடமாக அந்த நாளை மறந்து வாங்கிக் கட்டிக்கொண்டவர், இம்முறை ரக்ஷனாவின் நிகழ்ச்சிக்கே வாழ்த்து அனுப்பியிருந்தார். பிரிஜட்டும் சமையலறையில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

வீட்டுக் கணினிதான் ரேடியோவைக் கெடுக்கிறது என்று ஃபேரர் பார்க் மின்சாமான் கடை அன்வர் அடித்துச் சொல்லியிருந்தார். கம்பியில் கவ்வவிட்டால் இரைச்சலை அடக்கும் என்று அவர் கொடுத்த கறுப்பு வளையங்களில் ஐந்தை அருளானந்தம் மாட்டிப் பார்த்தார். பயனில்லை. அடுத்து, கணினியைச் சுற்றி அலுமினியத் தாளைப் போர்த்தினார்.

"கேக்குக்கு வச்சிருந்த தாளையா எடுத்தீங்க? அப்ப கேக்கையும் கம்ப்யூட்டர்லயே பேக் பண்ணிடுங்க லா" என்றாள் பிரிஜட்.

வேறு வழியில்லாமல் கணினியையே அணைத்தார். காத்தோங்கிலிருந்து திரையில் வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்த மச்சினி நடாலி பாதியில் மறைந்து போனாள். கொரகொரப்பு மட்டும் மறையவில்லை.

அப்படியென்றால் குற்றவாளி வேறு வீட்டில் இருக்கிறான். பேட்டரியில் ஓடும் ரேடியோவைத் தூக்கிக்கொண்டு அடுக்குமாடி நடைபாதையில் நடந்தார். புதிதாக ஆள் குடிவந்திருந்த கோடி வீட்டு வாசலில் இரைச்சல் உச்சத்துக்குப் போனது. மணியை அடித்தார். கரண்டியும் கையுமாகக் கதவைத் திறந்தவர் தன் பெயர் கபிலன் என்றார்.

"தம்பி, உங்க கம்ப்யூட்டர் என் ரேடியோவைப் பேசவிட மாட்டேங்குது. அஞ்சு நிமிஷம் ஆஃப் பண்ண முடியுமா?"

"சாரி அங்கிள். வைஃப் உள்ள வேலையில இருக்காங்க. கதவைத் தட்டவே கூடாதுன்னு ஆர்டர்."

வளையம் மாட்டினாலே போதும், யாருக்கும் தொந்தரவு இருக்காது என்று அருளானந்தம் கெஞ்சினார். கபிலன் அரை மனதோடு வழிவிட்டார். கூடத்துச் சுவரிலிருந்து ஒரு கம்பி, மூடிய அறைக் கதவுக்கு அடியில் போனது. அருளானந்தம் மண்டியிட்டு, சட்டைப்பையிலிருந்த ஆறாவது வளையத்தை எடுத்தார்.

"அடுத்து, செங்காங்கில் இன்று பிறந்தநாள் கொண்டாடும் திருமதி..." என்றது ரேடியோ, கொரகொரப்புக்கு நடுவே.

அவர் அவசரப்பட்டார். விறைப்பாக இருந்த கம்பியைக் கொஞ்சம் இழுத்தார். பிளக் கையோடு வந்துவிட்டது.

இரைச்சல் பட்டென்று நின்றது. பத்து நாளில் அவர் காது இப்படிக் குளிர்ந்ததில்லை. பிரிஜட்டின் பெயருக்காக ரேடியோவைக் காதோடு ஒட்டவைத்துக்கொண்டு, பெருமையாகச் சிரித்தார்.

"பாத்தீங்களா தம்பி, இப்ப ஒரு சத்தமும் இல்ல."

கபிலன் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது.

"எப்படி அங்கிள் சத்தம் வரும்? கால் உடைஞ்சதுலேருந்து ரக்ஷனா இந்த ரூம்லேருந்துதான் புரோகிராம் பண்றாங்க. நீங்க இப்ப பிடுங்கினது ரேடியோ ஸ்டேஷனை."