கூடையா, பெட்டியா?

“அம்மா தஸ்பீஹ் மணியை இந்தப் பேரீச்சம்பழ டப்பாவுல வச்சிட்டுப் போயிட்டாங்க. நான் எடுத்து டிஷ்யூ பெட்டியில போட்டுட்டேன். அம்மா திரும்பி வந்தா எங்கே தேடுவாங்க?”

அமீரகத்து அல் ஐன் சிக்னலில் சிவப்பு விழுந்து பச்சை வருவதற்குள், தம் டிரைவர் அரபியில் இத்தனையும் கேட்டு முடித்தார் கௌஸ் முகம்மது.

பின்சீட்டிலிருந்த ஏழு வயது ஹிஃப்ஸா, “டிஷ்யூ பெட்டி” என்றாள்.

“அவங்கதான் பார்க்கலியே! எப்படித் தெரியும்?”

“டிஷ்யூ பெட்டி.”

ஸ்டியரிங்கில் தலையை முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது கௌஸுக்கு. ஹார்ன் அடிக்கும் என்பதால் விட்டுவிட்டார்.

ஹிஃப்ஸாவுக்கு ஆட்டிசம். தனக்குத் தெரிந்தது எல்லாருக்கும் தெரியும் என்று நினைக்கிறாள் என்பது அவள் போகும் பயிற்சி மையத்து நஸீரா டீச்சரின் கணிப்பு. அதற்கு ஒரு பொம்மைப் பரீட்சை உண்டு. ஒரு பொம்மை பந்தைக் கூடையில் வைத்துவிட்டு வெளியே போகும். இன்னொரு பொம்மை அதைப் பெட்டிக்கு மாற்றிவிடும். போன பொம்மை வந்து எங்கே தேடும்? ‘கூடை’ என்றால் பாஸ். வீட்டுக்கு எதிரிலேயே இருக்கும் பள்ளிக்கூடத்தில் இடம். ‘பெட்டி’ என்றால் மறுபடி மையம், மறுபடி கௌஸின் கார். வேறு யார் வண்டியில் ஏற்றினாலும் தெருவே திரளும்படி அலறுவாள்.

அதனால் அவளுடைய தாயாரும் கௌஸின் முதலாளியுமான உம்மு ஹானி தீர்மானமாகச் சொல்லிவிட்டார்: “அவ பாஸாகட்டும். அன்னைக்கே உனக்கு லீவு.”

வியாழக்கிழமை பரீட்சை. ஞாயிற்றுக்கிழமை கீழக்கரையில் கௌஸின் ஒரே மகள் ஃபஸ்னாவுக்கு நிக்காஹ்.

“நீ பாஸ். கௌஸ் ஊருக்கு. கலாஸ்!” என்று தினமும் காரில் ஹிஃப்ஸாவுக்கு உற்சாகமூட்டுவார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

திங்கட்கிழமை செயல்முறை விளக்கத்தில் இறங்கினார். உம்மு ஹானி தொழப் போன நேரத்தில் அவருடைய கைப்பையிலிருந்த போனை, ஹிஃப்ஸா பார்க்க, எடுத்து ஃப்ரிட்ஜில் வைத்தார். உம்மு ஹானி வந்து கைப்பையைக் கவிழ்த்துக் கொட்டித் தேடினார். ‘பார்த்தாயா?’ என்று கௌஸ் ஹிஃப்ஸாவுக்குப் பெருமையோடு கண்காட்டினார்.

“கௌஸ் எடுத்தான். ஃப்ரிட்ஜ்ல இருக்கு” என்றாள் அவள்.

பாடம் நடத்தியதாக அவர் சொன்னது எடுபடவில்லை. அன்று முதல் அவருக்கு டீ வாசலோடு சரி.

மிச்சமிருந்தது மனப்பாடம். பள்ளிக்கூடத்தில் அவரையே கரையேற்றியது அதுதான். “எது கேட்டாலும் ‘கூடை’ன்னு சொல்லு!” ஒரு கூடைக்கு ஒரு சாக்லேட். புதன்கிழமை சாயங்காலம் சாக்லேட் டப்பா காலி.

வியாழக்கிழமை. கண்ணாடிச் சுவருக்கு வெளியே கௌஸ் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். உள்ளே நஸீரா டீச்சர் கேள்வியைத் தொடங்கினார்.

“உன் பேர் என்ன?”

“கூடை.”

“இப்போ மதியமா, காலையா?”

“கூடை.”

“சரி, பொம்மை வந்து பந்தை எங்கே தேடும்?”

ஹிஃப்ஸா தலையைத் திருப்பிக் கண்ணாடி வழியே கௌஸைப் பார்த்தாள். “பெட்டி” என்றாள்.

“ஆறு மாசம் கழிச்சுப் பார்ப்போம்” என்றார் நஸீரா டீச்சர்.

கௌஸ் செருப்பு அலமாரி ஓரம் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். சட்டைப்பைக்குள் போன் அதிர்ந்தது. வாட்ஸ்அப்பில் ஃபஸ்னாவின் குரல்: “வாப்பா, எந்த ஃப்ளைட்டு?” அந்தக் கேள்விக்கு எந்த மனப்பாடமும் உதவாது.

மையத்தில் தரை துடைக்கும் திருச்செந்தூர் ஜெயமணி மாப்போடு வந்து நின்றாள்.

“ஏன் பாய் இடிஞ்சு போயி உக்காந்திருக்கிய?”

“அந்தப் புள்ளைக்கு அடுத்தவங்க மனசே தெரியாதாம் ஜெயமணி. என் மக கல்யாணத்துக்கு நான் இல்ல.”

ஜெயமணி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“யாரு சொன்னா? போன வாரமே ஒத்தையில அந்தப் பொம்மைய வச்சு விளையாண்டுச்சே! ‘நீ கூடையிலதான் தேடுவ, உனக்குத்தான் தெரியாதே’ன்னு அதுகிட்ட சொல்லிட்டு இருந்துச்சு. ‘இத டீச்சர்ட்ட சொன்னா என்ன?’ன்னு எனக்குத் தெரிஞ்ச அரபியில கேட்டேன்.”

“அதுக்கு?”

“‘சொன்னா கௌஸ் போயிருவான். எனக்குத் தெரியும்ங்கிறது அவனுக்குத் தெரியாது’ன்னுச்சு, பாய்.”